கோமளவல்லி கிணத்து ஆமை

அந்தப் பையில கால் படாமப் பாத்துக்கங்க தம்பி. ஐயோ, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. பெஞ்சு என்ன எங்கப்பன் வீட்டுப் பெஞ்சா? கோர்ட்டு பெஞ்சு, யாரு வேணா உக்காரலாம். கால மட்டும் கொஞ்சம் அந்தாண்ட வச்சுக்கங்க. உள்ள இருக்கிறது கால் படக் கூடாத பொருள். சாமி பொருள்னு வச்சுக்கங்களேன்.

உங்களுக்கு என்ன கேஸு? வண்டி கேஸா? நெனைச்சேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அடிதடிக்கெல்லாம் போற ஆளு இல்ல நீங்க. என் கேஸு என்னன்னு கேளுங்க. கேட்டா சிரிப்பீங்க. போன வாய்தாவுக்கு இதே பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருந்துச்சு, சாராய கேஸு. என் கேஸக் கேட்டுட்டு, "ஐய, இதுக்கா?"ன்னுச்சு. சாராயம் வித்தவ என்னப் பாத்து ஐயன்னு சொல்லிட்டா தம்பி. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

ஆமை கேஸு. சிரிச்சுக்கங்க, பரவால்ல. கிணத்துல ஆமை வச்சிருந்தேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

நான் கோமளவல்லி. பெருமாநத்தத்துல கோமளம் மாவுன்னு கேட்டா சின்னப் புள்ளைகூட கை காட்டும். இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இந்த மாவுதான் என்னையும் என் மகனையும் கரையேத்துச்சு. அவன் இப்ப சிங்கப்பூர்ல. மருமக அபிநயா என்கூட இருக்கா. இருந்தா. அத அப்புறம் சொல்றேன். மாவுக்கு உளுந்துதான் முக்கியம்னு எல்லாரும் நெனைப்பாங்க. உளுந்தக் கடையில யாரு வேணா வாங்கலாம். தண்ணிதான் தம்பி. எங்க கிணத்துத் தண்ணி அப்படி. அரிசியில ஊத்தி வச்சா அடியில கெடக்குற மணிய ஒவ்வொண்ணா எண்ணலாம். அந்தத் தண்ணியச் சுத்தமா வச்சிருந்தது யாரு? ஆமை.

எங்க பக்கம் கிணறு வெட்டினா ஒரு ஆமைய விடுவாங்க. பாசி, புழு, கொசு எல்லாத்தையும் அது பாத்துக்கும். ஒரு காலத்துல தெருவுல பாதிக் கிணத்துல ஆமை கெடந்துச்சு. இப்ப கிணறே இல்ல, எல்லாம் போர் போட்டுட்டாங்க. எங்க ஆமைய விட்டது எங்க வீட்டுக்காரர். நாட்டாரேரி வத்தின வருஷம் மீன் புடிச்சவங்க வலையில இது மாட்டிக்கிச்சு. அவனுங்க அடுப்புக்குக் கல்லு கூட்டிட்டானுங்க. இவரு சண்டை போட்டு வாங்கி வேட்டியில முடிஞ்சுகிட்டு வந்தாரு. அப்ப உள்ளங்கை அகலம்தான். பாலாமை. அதனால பாலுன்னு பேரு வச்சோம். இப்ப சொல்லுங்க, நாங்க ஆமையப் புடிச்சவங்களா, காப்பாத்தினவங்களா? இதத்தான் வக்கீலுகிட்டயும் கேட்டேன். "அதெல்லாம் இங்க பேசக் கூடாதும்மா"ன்னுட்டாரு.

உருளை கிறீச்சுன்னா போதும், மேல வந்துரும். மூக்கு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கும். நான் ஒரு கை பழைய சோறு போடுவேன். நல்லது கெட்டது எல்லாம் அதுகிட்டதான் சொல்வேன். வேற யாருகிட்ட சொல்றது? ஒருநா கோவத்துல வாளிய வேகமா விட்டுட்டேன், முதுகு ஓரத்துல பட்டுச் சின்னதா வெட்டு விழுந்துருச்சு. இடது பக்கம், பின்னங்காலுக்கு மேல. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. எத்தனை ஆமைய வரிசையா வச்சாலும் என் பாலுவ நான் சொல்லிருவேன். பெத்தவளுக்குப் புள்ளை தெரியாதா?

இப்படி இருந்தது போன கோடை வரைக்கும். கோடையில கிணறு தூர் வாருவோம். பாலுவத் தூக்கிப் பித்தளை அண்டாவுல விட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, நாலு துளசி போடுவேன். கூர்மாவதாரம் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரங்க வந்து தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. தூர் வாரி முடிச்சதும் மறுபடி உள்ள. வருஷா வருஷம் நடக்குறதுதான். இந்த வருஷம் அபிநயா அதப் போன்ல படம் புடிச்சா. புடிச்சது சரி, பாட்டுப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டா. "அத்தை, லட்சம் பேரு பாத்திருக்காங்க!"ன்னு குதிக்கிறா. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. மாவுக்குக் கொஞ்சம் விளம்பரம்னு நெனைச்சேன். அந்த லட்சம் பேருல எவனோ ஒரு புண்ணியவான் வனத்துறைக்கு அனுப்பிட்டான்.

ஜீப்பு வந்து நின்னுச்சு. காக்கிச் சட்டை போட்டவங்க வாசல் தாண்டி, கூடம் தாண்டி, கொல்லைக்குப் போறாங்க. எதிர்வீட்டு ராஜாம்பா இருக்காளே, அவ வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குக் கேக்குற மாதிரி சொல்றா, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"ன்னு. நான் விடுவேனா? "அடியே, ஆமை கிணத்துலதாண்டி இருந்துச்சு, வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கல. அமீனாதான் வீட்டுக்குள்ள புகுந்திருக்கான்"னேன். வாய் சவடாலுக்குக் கொறைச்சல் இல்ல.

வந்தவங்கள்ல வனவரு ஒரு சின்னப் பையன், இன்பராஜுன்னு பேரு. நல்ல புள்ளை தம்பி அது, அதத்தான் சொல்ல வரேன், அந்தப் புள்ளை மேல எனக்குக் கோவமே இல்ல. என்னை உக்கார வச்சுத்தான் சொன்னான். "அம்மா, பாலாமை வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலிய வீட்டுல கட்டி வச்சா என்ன சட்டமோ, இதுக்கும் அதே சட்டம்தான். நிரூபிச்சா மூணு வருஷ ஜெயிலுக்குக் குறையாது." எனக்குப் புரியல. புலியா? நான் கிணத்துல புலியா வச்சிருந்தேன்? "தம்பி, புலி அடிக்கும், இது பழைய சோறு திங்குது"ன்னேன். அவன் சிரிக்கல. "அதுங்க கம்மியாயிடுச்சும்மா. அதனாலதான் சட்டம்"ன்னான்.

நல்ல சட்டம்தான். நான் இல்லைங்கல. கறிக்கு அறுக்கிறான், மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புறான், தடுக்கத்தான் வேணும். நான்கூட நெனைச்சேன், சரி, நம்ம பாலுவுக்கு இவ்ளோ பெரிய சட்டம் இருக்கேன்னு. புலிக்குச் சமமா வச்சிருக்காங்களேன்னு. அந்தப் பெருமை கொஞ்ச நாளுதான் இருந்துச்சு.

கால்நடை டாக்டரம்மா ஒருத்தி வந்து பாலுவப் பெரட்டிப் பாத்தா. பாத்துட்டு, "இது பொம்பளை ஆமை"ங்கிறா. இத்தனை வருஷமா நான் வாடா போடான்னுட்டு இருந்திருக்கேன்! அதோட விட்டாளா? "வெயிலே படாம வளந்திருக்கு. முட்டை வச்சாலும் மண்ணுக்கு எங்க போகும்? தண்ணியிலேயே விட்டிருக்கும், பாவம். தனியாவே இருந்திருக்கு"ன்னு சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என்னங்க குறை அதுக்கு? தண்ணி இல்லையா, நிழல் இல்லையா, சோறு இல்லையா? நாய் உண்டா, நரி உண்டா? தனியா இருந்துச்சாம். நான் மட்டும் என்ன, கூட்டத்தோட கும்மியடிச்சுக்கிட்டா இருந்தேன்? வெயில் படலையாம். மாவு மிஷினுக்கும் அடுப்படிக்கும் நடுவுல நான் எந்த வெயிலக் கண்டேன்? இதெல்லாம் யாரும் பெரட்டிப் பாக்க வரல. சரி விடுங்க. சின்னப் பொண்ணு, படிச்ச படிப்பச் சொல்லுது.

முன்ஜாமீன் வாங்கினோம். நிபந்தனை என்னன்னா, எந்த வன உயிரினத்தையும் இனிமே வச்சுக்கவும் கூடாது, தொடவும் கூடாது. மீறினா ஜாமீன் போயிரும். வனத்துறை எடுத்துட்டுப் போன பாலுவ என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு, இயற்கையான வாழிடத்துல விடணும்னு கோர்ட்டு உத்தரவு போட்டுச்சு. எந்த வாழிடம்? எங்கிருந்து வந்துச்சோ அங்க. நாட்டாரேரி. உத்தரவுல பேரோட இருக்கு.

தம்பி, நீங்க நாட்டாரேரியப் பாத்திருக்கீங்களா? பைபாஸ்ல வரும்போது எடது கைப் பக்கம் மூக்கப் பொத்துவீங்களே, அதுதான். எங்க ஊரு நகராட்சி குப்பை முச்சூடும் அங்கதான் போகுது. இப்ப புது பஸ் ஸ்டாண்டு வருதுன்னு மண்ணு வேற அடிக்கிறாங்க. டிப்பர் லாரி வரிசை கட்டி நிக்குது. நடுவுல ஒரு ஓரமா கொஞ்சம் தண்ணி, கறுப்பா, நுரை கட்டிக்கிட்டு. கரையில ஒரு பலகை, பெரிய கொக்கு படம் போட்டு, "ஈர நிலம், பாதுகாப்போம்"னு. லாரிக்காரன் அந்தப் பலகைக்குப் பின்னாடி ஒதுங்கிட்டுப் போறான்.

அங்க கொண்டுபோய் விட்டாங்க. நானும் போனேன், சாட்சிக் கையெழுத்துப் போடணும்னாங்க. பேப்பர்காரங்க வந்திருந்தாங்க. பாலுவ அந்தப் பலகைக்குக் கீழ வச்சுப் படம் எடுத்தாங்க. குங்குமக் கறை மட்டும் லேசாத் தெரிஞ்சுது முதுகுல. விட்டதும் அது தண்ணிக்குப் போகல தம்பி. தலைய நீட்டி, திரும்பி, நான் நின்ன பக்கம் வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன் குச்சியால தண்ணிப் பக்கம் தள்ளினான். முங்கிப் போயிருச்சு.

நான் இன்பராஜக் கேட்டேன். "தம்பி, கிணத்துல கண்ணாடித் தண்ணியில இருந்தா குத்தம், இந்தச் சாக்கடையில விட்டா சட்டமா? இந்த லாரிக்காரனை ஏன் புடிக்கல?" அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "அம்மா, ஏரி எங்களுது இல்ல. தண்ணி பொதுப்பணித்துறை. கரை வருவாய்த்துறை. குப்பை நகராட்சி. உள்ள இருக்கிற ஆமை மட்டும்தான் நாங்க"ன்னான். "எழுதியிருக்கேம்மா மேல. எழுதிக்கிட்டேதான் இருக்கேன். பதில் வரல"ன்னான். அந்தப் புள்ளை கண்ணப் பாத்தா எனக்கே பாவமா இருந்துச்சு. அவனும் என்னை மாதிரிதான், கைய வச்சுக்கிட்டுச் சும்மா நிக்குறான். ஆமை தண்ணியில இருக்கு, தண்ணி வேற ஒருத்தன்கிட்ட இருக்கு. இது எந்த ஊரு நியாயம்?

அபிநயாவா? அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. கோவிச்சுக்கிட்டுன்னு சொல்ல மாட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லல அவளை. உன் போனு உருப்படாமப் போகன்னேன், அது போனைத்தானே சொன்னேன்? குடும்பத்தக் கோர்ட்டுக்கு இழுத்தவன்னேன், அது உண்மைதானே? வெளிய போகாத, வாசல்ல நிக்காத, போனத் தொடாத, உள்ளேயே இரு, அதுதான் உனக்கு நல்லதுன்னேன். பாதுகாப்பாத்தானே இருக்கச் சொன்னேன். அதுக்கு, "நானும் ஆமையா அத்தை?"ன்னு கேட்டுட்டுப் பொட்டியத் தூக்கிட்டா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு நல்லது சொன்னாப் புடிக்காது.

அதுக்கப்புறம் தெனமும் மாவ ஆட்டி வச்சுட்டு ஏரிக்கரைக்குப் போவேன். கிணத்துல கூப்பிடுற மாதிரியே "பாலு, பாலு"ன்னு கூப்பிடுவேன். உருளை இல்லையா, அதனால வாளியக் கையில கொண்டுபோய் தட்டிப் பாத்தேன். லாரிக்காரப் பசங்க, "அம்மா, மாவு வாங்க ஆமை வருமா?"ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. தண்ணி நாளுக்கு நாள் சுருங்குது. ஒருநா பாத்தா பலகைக்குக் கீழயே மண்ணு. பலகை இடுப்பு வரைக்கும் பொதைஞ்சு நிக்குது. கொக்கு தலை மட்டும் தெரியுது.

அப்புறம்தான் ஆமைங்க வெளிய வர ஆரம்பிச்சுது. ஏரிக்குள்ள அவ்ளோ இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? மழை பேஞ்ச மறுநா காலையில பைபாஸ்ல பாக்குறேன், நசுங்கிக் கெடக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல. தார் ரோட்டுல அப்பளமாக் கெடக்குது. ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பாத்துக்கிட்டே போனேன். ஹாரன் அடிக்கிறான், திட்டுறான், நான் பாட்டுக்குப் பாக்குறேன். எதுவும் பாலு இல்ல. நல்லாப் பாத்தேன், எதுவும் இல்ல. சிலதுல முதுகே இல்ல, எத வச்சுக் கண்டுபுடிக்கிறது? இருந்தாலும் அது பாலு இல்ல. எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்னா, முந்தாநாள், சனிக்கிழமை காலையில, வாசல் தெளிக்கக் கதவத் தொறக்குறேன், படிக்குக் கீழ நிக்குது! பைபாஸத் தாண்டி, தெருவத் தாண்டி, என் வீட்டு வாசலுக்கு வந்திருக்குது தம்பி! பாலு! எனக்கு அழுகையா வருது, சிரிப்பா வருது. ராஜாம்பா வீடு முன்னாடி இருக்கு, அங்க போகல. நேரா என்கிட்ட வந்திருக்கு. தழும்பப் பாத்தேன், இருந்துச்சு. வலது பக்கம், ஓரத்துல.

என்ன? இடது பக்கம்னா சொன்னேன்? கிணத்துல மேல இருந்துதானே எட்டிப் பாப்போம், அப்பப் பக்கம் மாறித் தெரியும் தம்பி. தூர் வாரும்போதா? அப்ப யாரு பக்கம் பாத்தா? கொஞ்சம் சிறுத்தும் போச்சு. பட்டினி கெடந்தா சிறுக்காதா? நீங்க என்ன, அரசாங்க வக்கீலு மாதிரி கேள்வி கேக்குறீங்க! பாலுதான். பாலு இல்லாம வேற எது என்னைத் தேடி வரும்?

ஓடிப்போய்த் தூக்கப் போனேன். குனிஞ்ச கை அப்படியே நின்னுருச்சு. தொட்டா ஜாமீன் போயிரும். ராஜாம்பா ஜன்னல்ல நிக்குறா, இப்ப அவ வீட்டுலயும் போனு இருக்கு. பாலு என் கால் கட்டைவெரலுக்குப் பக்கத்துல தலைய நீட்டிக்கிட்டு நிக்குது. நான் கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்குறேன். இத்தனை வயசுக்கு இப்படி ஒரு கையாலாகாத நெலைமையில நான் நின்னதில்ல. புருஷன் போனப்பகூட அழுதுட்டு அடுத்த வேலையப் பாத்தேன்.

இன்பராஜுக்குப் போன் போட்டேன். அவன் எங்கேயோ பறவைக் கணக்கெடுக்குற முகாம்ல இருக்கான். "அம்மா, தொடாதீங்க. வீட்டுக்குள்ள வைக்காதீங்க. நான் திங்கக்கிழமை காலையில வந்து எடுத்துக்கிறேன்"ங்கிறான். "எடுத்து எங்கப்பா விடுவ?"ன்னேன். அவன் மெதுவா, "உத்தரவுல நாட்டாரேரின்னுதானேம்மா இருக்கு. வேற ஏரியில விட்டா நான் உத்தரவ மீறினதாயிடும். கோர்ட்டு மாத்திச் சொன்னாத்தான் உண்டு"ன்னான். "அது வரைக்கும் தெரு நாய் வந்தா?"ன்னேன். "கையால தொடக் கூடாது, சரி. கால்ல தள்ளலாமா?"ன்னு கேட்டேன். கோவத்துலதான் கேட்டேன். அந்தப் புள்ளை அதையும் கேள்வியா எடுத்துக்கிட்டு, "கால்ல தள்ளுறதப் பத்தி எதுவும் இல்லம்மா"ன்னான்.

ரெண்டு நாளும் வாசப்படியிலேயே உக்காந்திருந்தேன். குடை புடிச்சேன். நாய விரட்டினேன், காக்காய விரட்டினேன். தெருவுல எறங்கப் போகும், நான் முன்னாடி போய்க் காலக் குறுக்க வைப்பேன். மாவு கேட்டு வந்தவங்களத் திருப்பி அனுப்பினேன். பொழுது சாஞ்சா அன்னக்கூடையக் கவுத்து மூடினேன். கூடையால மூடினா வச்சிருக்கிறதா ஆகுமா தம்பி? ஆகாதில்ல? தண்ணிய மேல தெளிச்சா? அது வாசல் தெளிக்கிறதுதானே?

இன்னைக்குத் திங்கக்கிழமை. இன்பராஜக் காணோம். போனு அணைஞ்சு கெடக்குது. எனக்கு வாய்தா. வரலைன்னா வாரண்டு. அபிநயா இருந்தாலாவது பாத்துக்கச் சொல்லியிருப்பேன். கூப்பிட்டேன் அவளை, எடுக்கல. ராஜாம்பாகிட்ட போய் நின்னேன் தம்பி, நான், அவகிட்ட! "உன் ஆமையும் வேணாம், உன் அமீனாவும் வேணாம்"னு கதவச் சாத்திட்டா. வேற வழி என்ன இருக்கு? சாக்குப் பைய நனைச்சு, வாயத் தொறந்து தரையில வச்சு, கால்ல தள்ளித்தான் உள்ள விட்டேன். சந்தனம் வச்சுக் கும்பிட்ட உருவத்தக் கால்ல தள்ளினேன். தள்ளிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

ஏன் தள்ளி உக்கார்றீங்க? ஆமாம், அதுதான் பையில. கடிக்காது. பயந்து சுருண்டு கெடக்குது.

வக்கீலுகிட்ட சொன்னேன். ஜட்ஜ் ஐயாகிட்ட நேராக் காட்டி, "சாமி, நீங்க விடச் சொன்ன எடத்துல இப்ப மண்ணுதான் இருக்கு, தண்ணி இருக்கிற வேற எடம் ஒண்ணச் சொல்லுங்க"ன்னு கேக்குறேன்னேன். வேற ஒண்ணும் கேக்கல நான். என்னை விடுங்கன்னுகூடக் கேக்கல. அவரு மூஞ்சி வெளிறிப் போச்சு. "பைய உள்ள கொண்டு வந்தீங்கன்னா இங்கேயே ரிமாண்டு. நான் வக்காலத்த வாபஸ் வாங்கிட்டுப் போயிருவேன்"ங்கிறாரு. "ஏரி பத்திக் கேக்க இது எடம் இல்லம்மா. இந்தக் கேஸு உங்க மேல"ங்கிறாரு. அப்ப ஏரி மேல எங்கய்யா கேஸுன்னேன். "யாரு போட்டிருக்கா?"ங்கிறாரு.

தம்பி, ஒரு நிமிஷம். என் பேரத்தானே கூப்பிடுறான்? டவாலி... ஆமாம், கோமளவல்லிதான். மூணு தடவைதான் கூப்பிடுவான். வரேன்யா! வந்துட்டேன்!

தம்பி, நீங்க நல்ல குடும்பத்துப் புள்ளை. எந்திரிச்சுப் போயிராதீங்க. உங்களை ஒண்ணும் செய்யச் சொல்லல. கையில புடிச்சுக்கச் சொல்லல, உங்க பேர்லயும் கேஸாயிரும், அந்தப் பாவம் எனக்கு வேணாம். ரெண்டாவது தடவை கூப்பிட்டுட்டான். வரேன், வரேன்! நான் வர்றதுக்குள்ள வெயில் இந்தப் பக்கம் திரும்பிரும் தம்பி. திரும்பினா பைய மட்டும் நிழலுக்கு நகத்தி விடுங்க. தொடாதீங்க. கால்ல தள்ளுங்க. மெதுவாத் தள்ளுங்க சாமி, அதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லையாம்.